நீல டிரம்மை வெளியே இழுத்தவர்

அனுப்புநர்
இ. உஷாராணி, பி.ஏ.,
த/பெ. இருசப்பன்,
எண் 14, பம்ப் ஹவுஸ் தெரு,
இலுப்பைமேடு,
கரிக்கலாம்பாக்கம் வழி,
புதுச்சேரி.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்,
புதுச்சேரி.

பொருள்: இலுப்பைமேடு உலர் கழிவுக் கொட்டகையில் 14-05-2025 அன்று ஏற்பட்ட தீ விபத்து – துப்புரவுப் பணியாளர் திருமதி சகாயராணி பேட்டரிகளை உடைத்துத் திருட முயன்றதாக விசாரணை அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது – அது உண்மைக்கு மாறானது – அறிக்கையைத் திருத்தி அவரை மீண்டும் பணியில் சேர்க்கவும், வீடுகளில் சேரும் ரீசார்ஜ் பேட்டரிகளை முறையாக அப்புறப்படுத்தவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் அலுவலகத் துண்டறிக்கை, "நம் குப்பை நம் பொறுப்பு", பிப்ரவரி 2025.
2. எனது கடிதங்கள், நாள் 03-03-2025, 27-03-2025, 21-04-2025.
3. தங்கள் அலுவலக விசாரணை அறிக்கை, நாள் 30-05-2025 (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எனக்குக் கிடைத்த நாள் 25-07-2025).

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடன் வசிக்கிறேன். என் தந்தை விவசாயக் கூலியாக இருந்தவர். இப்போது திருபுவனையில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தங்கள் அலுவலகத்தின் தூய்மைத் திட்டத்தில் கடந்த ஜனவரி முதல் ஜூன் வரை தற்காலிக விழிப்புணர்வுப் பணியாளராக இருந்தேன். குப்பையை எப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்வது என் வேலை. இந்த மனுவில் உள்ளவற்றை நேரில் சொல்வதற்காக மூன்று முறை தங்கள் அலுவலக வாசல் வரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். ஆட்கள் முன்னால் பேச எனக்கு வராது. எழுதும்போது குரல் நடுங்குவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

2. 2024 கார்த்திகைப் புயலில் எங்கள் ஊருக்கு ஏழு நாட்கள் மின்சாரம் இல்லை. அந்த ஏழு நாள் அனுபவத்துக்குப் பிறகு, பொங்கலுக்குள் ஊரில் சார்ஜ் போடும் சாமான் இல்லாத வீடு இல்லை என்றாகிவிட்டது. எமர்ஜென்சி லைட், சார்ஜ் ஃபேன், கொசு பேட், நெற்றியில் மாட்டும் டார்ச், வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயர். சந்தையில் குவித்து வைத்து விற்றதைத்தான் எங்கள் ஊரார் வாங்கினார்கள். மாசி மாதத்துக்குள் பாதி செத்துவிட்டன. செத்த பேட்டரிகளில் சில அப்பளம் பொரிந்ததுபோல் உப்பிக்கொண்டன. வாங்கிய இடத்தில் கேட்டவர்களுக்கு வாரண்டி கிடையாது என்ற பதில் மட்டும் கிடைத்தது. எனவே அவை வாய்க்காலுக்கும் எருக்குழிக்கும் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும் என்று தங்கள் அலுவலகம் நினைத்தது நல்ல நினைப்புதான். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

3. பிப்ரவரியில் எங்கள் உலர் கழிவுக் கொட்டகைக்கு ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் வந்தது. இடுப்பளவு உயரம் இருக்கும். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் "மின் கழிவு" என்று எழுதியிருந்தது. அதனுடன் முந்நூறு துண்டறிக்கைகள் வந்தன. அவற்றை வீடுதோறும் கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. துண்டறிக்கையின் நான்காவது வரி இது: "மக்காத கழிவுகள் அனைத்தையும் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, கட்டித் தனியே தரவும்." ஐந்தாவது வரி இது: "மின் கழிவுகளை நீல நிற டிரம்மில் சேர்க்கவும்." பால் பாக்கெட்டுக்கு எழுதிய வரி எது, பேட்டரிக்கு எழுதிய வரி எது என்று பிரித்துச் சொல்லும் வரி ஒன்று நடுவில் இல்லை.

4. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் இதை நான் படித்துக் காட்டியபோது செல்லக்கண்ணு என்ற அம்மாள், "பேட்டரியக்கூட கழுவணுமாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள், "மூஞ்சி கழுவவே கொழாயில தண்ணிய காணோம், இதுக்குக் குளியல் வேறயா" என்று சிரித்தார்கள். எனக்கு விடை தெரியவில்லை. நான் படித்தது வரலாறு. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் திரு. ராஜேஷ்குமார் அவர்களுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நோட்டீஸ்ல அனைத்தையும்னு போட்டிருக்கா இல்லியா? அப்ப அனைத்தும்தான். இதுக்கெல்லாம் எனக்குப் போன் போடாத." நான் செல்லக்கண்ணு அம்மாளிடம் திரும்பி, கழுவத்தான் வேண்டும் என்று சொன்னேன். படித்த பெண் சொல்கிறது என்று அவரும் மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

5. ஐயா, அரசு அறிவிப்பு ஒன்றை எங்கள் ஊர் வரி பிசகாமல் பின்பற்றியது எனக்குத் தெரிந்து அது ஒருமுறைதான். பெண்கள் பேட்டரிகளைக் கழுவினார்கள். மேலே பிளாஸ்டிக் கூடு அழுக்காக இருக்கிறது என்று சிலர் அதை உடைத்து எடுத்துவிட்டு உள்ளே இருந்ததைப் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். பிறகு மொட்டை மாடியிலும் தகரக் கூரையிலும் வரிசையாக வெயிலில் காய வைத்தார்கள். வெயிலில் போட்டால் டார்ச் பேட்டரிக் கட்டை இன்னும் இரண்டு நாள் எரியும் என்று எங்கள் ஊரில் முன்பே பழக்கம் உண்டு. ஆகவே யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கட்டித் தரச் சொன்னதால் கட்டினார்கள். கொத்தனார் வேலைக்குப் போகும் வீடுகளில் கட்டுக்கம்பி கிடக்கும். அந்தக் கம்பியால் ஐந்தைந்தாகக் கட்டி, விறகுக் கட்டு மாதிரி கொண்டுவந்து டிரம்மில் போட்டார்கள். கம்பி இரண்டு முனையிலும் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விபத்துக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டிரம்மில் போட்டவர்களை நான் பாராட்டினேன். இரண்டு பேரைப் புகைப்படம் எடுத்துத் திட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்துத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஏழு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். கம்பி அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

6. டிரம் முக்கால் நிரம்பியும் எடுத்துப் போக யாரும் வரவில்லை. மார்ச் 3, மார்ச் 27, ஏப்ரல் 21 ஆகிய நாட்களில் கடிதம் கொடுத்தேன். மூன்றிலும் தங்கள் அலுவலக முத்திரை உள்ளது. முதல் கடிதத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டு வருகிறது என்று வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. இரண்டாவதற்கும் அதே பதில். மூன்றாவதைக் கொடுக்கும்போது, "அதான் ரெண்டு லெட்டர் இருக்கே" என்று கேட்டார்கள். ஆகவே நான்காவது எழுதவில்லை.

7. இனி திருமதி சகாயராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தொன்று. கணவர் திரு. சார்லஸ் கட்டட வேலைக்குச் செல்பவர். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் ஊரின் நான்கு தெருக்களில் குப்பை வண்டி தள்ளியவர். எந்த வீட்டில் எந்தக் குப்பை வரும் என்பது அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் மருந்துச் சீட்டு அதிகமாகியிருக்கிறது, எந்த வீட்டில் பாட்டில் அதிகமாகியிருக்கிறது என்றும் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டார். குப்பையில் வந்த ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை இரண்டு தெரு விசாரித்து உரியவரிடம் கொடுத்தவர். இதை நற்சான்றாக எழுதவில்லை. அறிக்கையில் அவருக்குக் கொடுத்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

8. மே 12 அன்று காலை அவர் என்னிடம் வந்து, "உஷா, டிரம்மு பக்கத்துல போனா நெய்ல் பாலிஷ் வாசன வருது. நல்லதுக்கில்ல, சொல்லி வை" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். வாசனை இருந்தது. டிரம்மின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. கத்திரி வெயில், தகரக் கூரை, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் திரு. ராஜேஷ்குமார் அவர்களுக்குத் தகவல் சொன்னேன். வேலைக்கு வருகிறவர்கள் நகப்பூச்சுப் போட்டுக்கொண்டு வந்தால் அந்த வாசனைதான் வரும் என்று சொல்லி அவர் சிரித்தார். அந்த அழைப்பு பதினெட்டு வினாடிகள் நீடித்தது என்று என் கைப்பேசியில் பதிவாகியுள்ளது. அவர் சொன்னதை நான் சகாயராணி அக்காவிடம் சொல்லவில்லை. டிரம்மைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

9. மே 14, புதன்கிழமை, காலை சுமார் 11.40 மணிக்கு நான் அடுத்த தெருவில் இருந்தேன். பட்டாசு போல நான்கைந்து சத்தம் கேட்டது. நான் ஓடிவந்தபோது கொட்டகை வாசலில் வெள்ளைப் புகை. சகாயராணி அக்கா டிரம்மின் விளிம்பை வலது கையால் பிடித்துச் சாய்த்து, பின்பக்கமாகவே நடந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று வாரக் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் கூரை வரை அடுக்கியிருந்தன. கொட்டகைக்கும் குடிநீர் பம்ப் ஹவுசுக்கும் நடுவில் ஒரே சுவர். பம்ப் ஆபரேட்டர் திரு. கண்ணையன் உள்ளே இருந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனத்தை அந்த அம்மாள் ஒற்றையாகப் பதினோரு அடி இழுத்து வெட்டவெளியில் விட்டார். விட்ட பிறகுதான் கையைப் பார்த்தார். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைக் கண்ணையனும் நானும் வாரிப் போட்டோம். அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகும் இரண்டு முறை வெடித்தது.

10. அவர் கையில் ஒப்பந்த நிறுவனம் கொடுத்த மெல்லிய ரப்பர் கையுறை இருந்தது. அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையில் கையுறையை எடுப்பதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே அவர் ஜெபமாலையைத் தேடித் தரும்படி மட்டும் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

11. திரு. ராஜேஷ்குமார் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். மணல் மேட்டைக் காலால் கிளறிப் பார்த்தார். கொட்டகைக்குள் போகவில்லை. அங்கே நின்றவர்களிடம், "பேட்டரிய ஒடச்சி செம்பு எடுத்திருப்பா. வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஐயா, அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இந்தத் திருட்டுக்கு வேறு சாட்சி கிடையாது. அது மதியம் இரண்டு மணிக்கு வாயில் பிறந்தது. பதினாறு நாட்களில் தட்டச்சாகிக் கையொப்பமாகிக் கோப்பில் ஏறிவிட்டது. எனக்குக் கிடைத்த நகலில், "செம்பு, ஈயம் ஆகியவற்றைப் பிரித்து விற்கும் நோக்கில் பேட்டரிகளைச் சுத்தியலால் உடைத்தபோது தீப்பற்றியது தெரியவருகிறது" என்று உள்ளது. சொன்னவரின் பெயர் எங்கும் இல்லை.

12. அறிக்கையில் உள்ள மற்றவற்றையும் பணிவுடன் எடுத்துச் சொல்கிறேன்.

சுத்தியல் கைப்பற்றப்பட்டதாக எழுதியிருக்கிறது. அந்தச் சுத்தியல் கொட்டகைச் சாமான்; தங்கள் அலுவலகப் பட்டியலில் ஆறாவது பொருள். தகர டப்பாக்களைத் தட்டையாக்கித் தரச் சொல்லி உத்தரவு போட்டதால் வாங்கிக் கொடுத்தது. அன்று அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உரிய பாதுகாப்பு உபகரணங்கள் வழங்கப்பட்டிருந்தன" என்று எழுதியிருக்கிறது. வழங்கப்பட்டிருந்தது உண்மை. அதை உரித்து எடுத்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

"அரசுச் சொத்துக்குச் சேதம் ஏதுமில்லை" என்று எழுதியிருக்கிறது. அதுவும் உண்மை. கொட்டகை எரியவில்லை, பம்ப் ஹவுஸ் எரியவில்லை, காகிதம் ஒரு தாள்கூட எரியவில்லை. உள்ளே பிடித்த தீ எப்படி வெளியே வந்து எரிந்தது என்று அறிக்கை எழுதியவர் தன்னைத்தானே ஒருமுறை கேட்டிருந்தால், அடுத்த வரியை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும். உருகிய பிளாஸ்டிக் வழிந்த கறுப்புக் கோடு கொட்டகை நடுவிலிருந்து வாசல் தாண்டி இன்றும் சிமெண்டுத் தரையில் இருக்கிறது. திருட வந்தவர் கையை எரித்துக்கொண்டு எதற்காக அதை வெளியே இழுக்க வேண்டும்? தப்பி ஓடினால் கேட்பார் கிடையாது. வாசல் அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

13. செம்புக்காகவும் ஈயத்துக்காகவும் என்று எழுதியிருப்பதால், எங்கள் பகுதியில் பழைய இரும்பு, பேட்டரி வாங்கும் கடை வைத்திருக்கும் திரு. தெய்வசிகாமணி அவர்களிடம் போய் விசாரித்தேன். கடைக்குள் போகவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் சொன்னார்: "இன்வெர்ட்டர் பேட்டரி, வண்டி பேட்டரி கொண்டா, எடுத்துக்கிறேன். அந்த உப்புன பேட்டரிய எவன்மா வாங்குவான்? அத வூட்டுல வெச்சிக்கிறவனே முட்டாளு." இதை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். தங்கள் அலுவலகக் குத்தகை ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், தான் பிள்ளைகுட்டிக்காரர் என்றும் சொல்லி, டீ குடிக்கச் சொன்னார். எழுதித் தரவில்லை. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

14. அதையும் இங்கே பதிவு செய்கிறேன். மே 22 அன்று விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். சகாயராணி அக்கா அப்போது மருத்துவமனையில் இருந்தார். அவரை யாரும் விசாரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் இருந்தார்கள். என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்கள்: டிரம்மைத் திறக்கக் கூடாது என்று பணியாளருக்கு அறிவுறுத்தினீர்களா? ஆம் என்றேன். அது உண்மை. எப்போது, எதனால் அறிவுறுத்தினேன் என்று கேட்கவில்லை. வாசனையைப் பற்றியும், தொலைபேசியைப் பற்றியும், கழுவச் சொன்னதைப் பற்றியும், மூன்று கடிதங்களைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பணி ஒப்பந்தத்தை ஜூனுக்குப் பிறகும் நீட்டிப்பார்கள் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என்னுடைய அந்த ஒரு "ஆம்", "எச்சரித்தும் கேளாமல்" என்று அறிக்கையில் இடம் பெற்றிருக்கிறது. அதைப் படித்த அன்றிலிருந்து இந்த மனுவை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இனி எனக்கு இழக்க எதுவும் இல்லாததால் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைத்தால், அதை மறுக்கவும் என்னால் இயலாது.

15. சகாயராணி அக்கா மே 31 முதல் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார். அறிக்கையில் குற்றம் அவருடையது என்று உள்ளவரை, வேலையில் அடிபட்டவருக்கு உரிய எதையும் கேட்க வழியில்லை என்று ஒப்பந்த நிறுவனம் கூறிவிட்டது. ஒன்பது வருடம் அவர் கைக்குக் குப்பையைக் கொடுத்த வீடுகளில், இப்போது அவர் தெருவில் நடந்தால் வாசலில் காயும் குடத்தை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். அவர் கண்ணில் படும்படியே எடுத்து வைக்கிறார்கள். பேட்டரியைக் கழுவிக் கம்பியில் கட்டிக் கொடுத்த அதே வீடுகள். தீ அதனால்தான் பிடித்தது என்று நான் இரண்டு வீடுகளில் சொல்லிப் பார்த்தேன். நீதானே கழுவச் சொன்னாய் என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை.

அவர் என்னிடம் ஒரு சொல்கூடக் கோபமாகப் பேசியதில்லை. ஒருமுறை மட்டும் கேட்டார்: "நோட்டீஸ குடுத்தவங்களையும் திருடின்னு எழுதுவாங்களாடி?" கிண்டலாகக் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் பதில் அனுப்பினால் அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

16. தீயில் எரியாமல் மிச்சமானவற்றையும், டிரம்மில் இடமில்லாமல் கொட்டகை ஓரம் வைத்திருந்தவற்றையும் இரண்டு சாக்கில் கட்டி, ஜூன் மாதம் ஒரு நாள் ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, ஊரில் வாங்கிச் சேர்த்தது நான்தான் என்பதால் நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று திரு. ராஜேஷ்குமார் சொல்லியனுப்பியதாகத் தெரிவித்தார்கள். அவை இன்றும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் உள்ளன. கட்டுக்கம்பிகளை அவிழ்த்தேன். ஒவ்வொன்றின் முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். உப்பியவற்றைத் தனியே பிரித்து, உலர்ந்த மணல் நிரப்பிய பழைய சிமெண்டுத் தொட்டியில், ஒன்றோடொன்று படாமல் புதைத்து, வெயிலும் மழையும் படாமல் மறைப்புக் கட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து அது ஏழு அடி. அதற்கு மேல் எங்களுக்கு மனை இல்லை. என் அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார். இவற்றையெல்லாம் நூலகத்தில் இணையத்தைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. துண்டறிக்கை எழுதியவருக்கும் அதே ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்திருக்கும்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல், தயாரித்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்களே செத்த பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்புடையவர்கள் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் விற்றவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கும் வலு இலுப்பைமேட்டுக்கு இல்லை. தங்கள் அலுவலகத்துக்கு உண்டு.

17. எனவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

(அ) 30-05-2025 நாளிட்ட அறிக்கையில் திருமதி சகாயராணி பேட்டரிகளைத் திருட உடைத்தார் என்ற வாசகத்தையும், எச்சரித்தும் கேளாமல் நடந்தார் என்ற வாசகத்தையும் நீக்க வேண்டும். அவரையும், திரு. கண்ணையனையும், என்னையும் மீண்டும் விசாரிக்க வேண்டும். இம்முறை கேட்காததையும் சொல்வேன்.

(ஆ) வீடுகளில் பேட்டரியைக் கழுவச் சொன்னது நான். அறிக்கையில் தவறு செய்தவர் என்று ஒருவர் பெயர் இருந்துதான் ஆக வேண்டும் என்றால் என் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் துண்டறிக்கையை எழுதியவர், மூன்று கடிதங்களைப் பெற்றுக்கொண்டவர், தொலைபேசியில் பதினெட்டு வினாடி பேசியவர் ஆகியோர் பெயர்களுக்குப் பிறகு அது வரட்டும்.

(இ) திருமதி சகாயராணிக்கு மீண்டும் பணி தர வேண்டும். வண்டி தள்ள அவரால் இனி இயலாது. பிரிக்கும் பணியை மேற்பார்க்க இயலும். டிரம்மில் என்ன வாசனை வந்தால் ஆபத்து என்று இந்தக் கொம்யூனில் அனுபவத்தால் அறிந்த பணியாளர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

(ஈ) என் வீட்டுப் பின்பக்கம் உள்ள பேட்டரிகளை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் மூலம் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துச் செல்ல ஆள் உறுதியாகும் வரை வேறு எந்த ஊரிலும் நீல டிரம் வைக்க வேண்டாம்.

(உ) புதிய துண்டறிக்கை வெளியிட வேண்டும். பேட்டரியைக் கழுவாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், உடைக்காதீர்கள், கம்பியால் கட்டாதீர்கள், முனையில் டேப் ஒட்டுங்கள், உப்பியதைச் சார்ஜ் போடாமல் மணலில் வையுங்கள் என்ற ஆறு வரி போதும். வீடு வீடாகப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் ஊதியம் இல்லாமல் செய்யத் தயார். முதலில் செல்லக்கண்ணு அம்மாள் வீட்டுக்குப் போவேன்.

முப்பது நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால் இதே மனுவை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு அனுப்ப இருக்கிறேன் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதில் கண்டவை யாவும் நான் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, அல்லது நானே செய்தவை.

இடம்: இலுப்பைமேடு
நாள்: 18-08-2025

தங்கள் உண்மையுள்ள,
இ. உஷாராணி
(மனுதாரர்)

இணைப்பு: துண்டறிக்கை நகல், முத்திரையிட்ட மூன்று கடிதங்களின் நகல், அழைப்புப் பதிவின் படம், மருத்துவமனைச் சீட்டின் நகல், கொட்டகைத் தரையின் புகைப்படங்கள் நான்கு, வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட புகைப்படம் ஒன்று, கைதட்டல்களுடன்.

மேற்கண்ட மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. உண்மை.

சா. சகாயராணி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

குறிப்பு: இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஒன்பது ஆண்டு வருகைப் பதிவேடுகள் தங்கள் அலுவலகத்திலேயே உள்ளன. அவற்றில் ஒவ்வொரு நாளும் வலது கையால் எழுதிய இவருடைய முழுப் பெயரைக் காணலாம்.